செய்தவனும் செய்வித்தவனும்

பல்லாவரத்தில் ஒரு குன்றின் சரிவில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரை ஒன்று இருக்கிறது. 2019-இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது அதனோடு போன ஊர் அது. குடைவரை இப்போது ஒரு தர்கா. அதன் கல்லில் கிரந்த எழுத்தில் சில சொற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. சாசனம் என்றால் நாம் எதிர்பார்க்கும் தானமோ, நிலத்தின் நான்கெல்லையோ, அழித்தவனுக்குச் சாபமோ இதில் கிடையாது. வாக்கியம்கூட இல்லை. பட்டப்பெயர்கள் மட்டும். இங்கேயும் திருச்சி மலையிலும் மாமண்டூரிலும் மற்ற இடங்களிலும் கிடைப்பவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரமான பட்டியல் கிடைக்கும்: மத்தவிலாசன், விசித்திரசித்தன், குணபரன், சத்துருமல்லன், லளிதாங்குரன், அவனிபாஜனன், சங்கீர்ணஜாதி, கலகப்பிரியன், சித்திரகாரப்புலி. சில சமஸ்கிருதம், சில தெலுங்கு, சில தமிழ் கலந்தவை. ஓவியர்களுக்குள் புலி என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவன், அதே மூச்சில், சண்டையில் பிரியமுள்ளவன் என்றும் சொல்லிக்கொள்கிறான். ஒரு மனிதனுக்கு இத்தனை பெயர்கள் எதற்கு?

பள்ளிப் புத்தகம் இதற்கு வைத்திருக்கும் பதில் சுலபமானது. அவன் அரசன், நாடகாசிரியன், சங்கீத வித்வான், ஓவியன், கல்லில் கோயில் குடைந்த முன்னோடி. ஆகவே பெயர்களும் பல. கல்கி ‘சிவகாமியின் சபத’த்தில் இவற்றோடு மாறுவேஷம் போடும் திறமையையும் சேர்த்துக் கொடுத்தார். மயிலை சீனி. வேங்கடசாமி தனிப் புத்தகமே எழுதினார். அது ஆராய்ச்சி, அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எல்லோரிடமும் தொனி ஒன்றுதான். வியப்பு. இத்தனையும் ஒருவனா என்ற வியப்பு. ‘சகலகலாவல்லவன்’ என்பது 1982-இல் ஒரு சினிமாவுக்குத் தலைப்பாகிவிட்ட பிறகும் இந்த வியப்பு நம்மை விட்டுப் போகவில்லை. குமரகுருபரர் ‘சகலகலாவல்லி’ என்று சரஸ்வதியைத்தான் பாடினார் என்பதை மறந்துவிட்டோம். எல்லாக் கலையும் கைவந்த நிலையைத் தெய்வத்துக்கு ஒதுக்கிவைப்பதில் ஒரு நிதானம் இருந்தது. மனிதனிடம் அதை எதிர்பார்க்கவும் வேண்டாம், அவன் உரிமை கொண்டாடினால் உடனே நம்பவும் வேண்டாம்.

எனக்குள்ள கேள்வி ஒழுக்கம் சம்பந்தப்பட்டது. பல கலைகளில் பெயர் பெற்றவனை நாம் எதற்காக மதிக்கிறோம்? எண்ணிக்கைக்காகவா? எண்ணிக்கைக்காக என்றால் அது சந்தைக் கணக்கு. பத்து ஜாமான் விற்கும் கடை ஒரு ஜாமான் விற்கும் கடையைவிடப் பெரிது என்கிற மாதிரி. அப்படி இல்லை, ஒவ்வொன்றிலும் அவன் எவ்வளவு ஈடுபட்டான், எதைப் பணயம் வைத்தான் என்பதற்காக என்றால், ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துக் கேட்டாக வேண்டும். இதில் உன் கை எவ்வளவு? உன் ஆணை எவ்வளவு?

கல்வெட்டுகளே இதற்கு ஓரளவு பதில் சொல்கின்றன. நாம்தான் காது கொடுப்பதில்லை. விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் உள்ள புகழ்பெற்ற சாசனத்தை எடுத்துக்கொள்வோம். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் ஒரு ஆலயம் விசித்திரசித்தனால் உண்டாக்கப்பட்டது என்கிறது அது. எல்லாரும் அந்த நான்கு ‘இல்லை’களைப் பார்த்து வியந்தார்கள். வியக்கவேண்டியதுதான். அதுவரை கோயில் என்றால் என்னென்ன பொருள் வேண்டும் என்று நினைத்தார்களோ அதையெல்லாம் கழித்துவிட்டுக் கோயிலைச் சொல்வது ஒரு கவிஞனின் மனம் செய்கிற காரியம். ஆனால் அதே சாசனத்தின் வினைச்சொல்லைப் பாருங்கள். சமஸ்கிருதத்தில் அது ‘நிர்மாபிதம்’. நிர்மாணித்தான் என்று அல்ல, நிர்மாணிக்கச் செய்தான் என்று பொருள். பிறவினை.

செங்கல்பட்டு ஊரை அடுத்த வல்லத்தில் ஒரு சிறு குடைவரை உண்டு. அங்கே இன்னும் தெளிவு. சாசனம் தமிழில் இருக்கிறது. பல்லவர் சாசனங்களில் தமிழ் தலைகாட்டத் தொடங்கிய காலத்தின் சில வரிகளில் ஒன்று. மகேந்திரப் போத்தரைசனின் அடியானான வயந்தப்பிரியரைசன், அவன் மகன் கந்தசேனன், அவன் செய்வித்த தேவகுலம் என்பது செய்தி. அரசன், அரசனுக்கு அடங்கியவன், அவனுடைய மகன் என்று மூன்று படிகள் இறங்கி வருகிறோம். மூன்றாவது படியில் நிற்பவனும் ‘செய்வித்தவன்’தான். செய்தவன் நான்காவது படியிலோ ஐந்தாவது படியிலோ இருக்கிறான். சாசனம் அதுவரை வருவதில்லை. என்றாலும் பொய் சொல்லவில்லை. செய்வித்தான் என்று எழுதினார்களே தவிர, செய்தான் என்று எழுதவில்லை. பதிமூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்த நம் சரித்திர ஆசிரியர்கள்தான், ‘மகேந்திரன் குடைந்த கோயில்’ என்று ஒரு ‘வி’யை விழுங்கிவிட்டு எழுதுகிறார்கள். செய், செய்வி என்ற இந்த வித்தியாசம் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலக்கண வகுப்பில் சொல்லிக்கொடுக்கப்படுவது. கலைக்கு வந்ததும் மறந்துபோகிறது.

செய்வித்தல் ஒன்றுமில்லாத காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. கருங்கல்லை இப்படியும் அணுகலாம் என்ற எண்ணம் ஒருவனுக்குத் தோன்றவேண்டியிருக்கிறது. தோன்றியதைப் பிறர் கையால் ஆக்கிமுடிக்கப் பிடிவாதம் வேண்டியிருக்கிறது. ஆனால் அது ஓவியனின், சிற்பியின் அனுபவம் அல்ல. கல்லில் வேலை செய்கிறவனைக் கல் மறுக்கிறது. உளி மழுங்குகிறது, எதிர்பாராத இடத்தில் பொளிகிறது, ஒரு மாதத்து வேலை ஒரு அடியில் போகிறது. அந்த மறுப்பை வாங்கிக்கொண்டு, அதற்கு ஒத்துப்போயும் ஒத்துப்போகாமலும் ஒருவன் தன்னை மாற்றிக்கொள்வதற்குத்தான் கலைப் பயிற்சி என்று பெயர். அரசனுக்குக் கல்லின் மறுப்பு நேராக வந்து சேர்வதில்லை. தச்சன் வந்து, ‘வடபுறம் கல் சரியில்லை, மகாராஜா’ என்று சொன்னால்தான் தெரியும். அதையும் அவன் எந்தக் குரலில் சொல்லியிருப்பான் என்று ஊகிக்கலாம்.

ஒரு கலை ஒருவனை எந்த அளவுக்கு மறுத்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அது அவனுடையது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சங்கீதத்துக்கு வருவோம்.

புதுக்கோட்டைக்கு அருகில் குடுமியான்மலையில் ஒரு பாறையில் ஏழு பகுதிகளாகச் சுவரக் கோவைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. மத்திமக்கிராமம், ஷட்ஜக்கிராமம் என்று தொடங்கிக் கைசிகம் வரை ஏழு. நான்கு நான்கு சுவரங்களாகக் கட்டிய கொத்துகள். ஒவ்வொரு சுவரமும் அ, இ, உ, எ என்று உயிரை மாற்றிக்கொண்டு வருகிறது. அந்த மாற்றம் சுருதியின் நுட்பத்தைக் குறிக்கிறதா, விரல் வைக்கும் இடத்தைக் குறிக்கிறதா என்று இன்றும் வாதாடுகிறார்கள். முடிவில், ருத்ராசாரியரின் சீடனும் பரம மாகேசுவரனுமான ஒரு அரசனால் சீடர்களின் நன்மைக்காக இவை செய்யப்பட்டன என்று இருக்கிறது. இங்கே வினைச்சொல் ‘கிருதம்’. செய்யப்பட்டது. செய்விக்கப்பட்டது அல்ல.

அந்த அரசன் மகேந்திரவர்மன்தான் என்று வெகுகாலம் எழுதி வந்தார்கள். சங்கீர்ணஜாதி என்ற பட்டத்தைத் தாளத்தோடு சேர்த்துப் படித்தவர்களுக்கு அது சௌகரியமாக இருந்தது. சங்கீர்ணம் என்றால் கலப்பு. கலப்பு ஜாதி என்று அதை வேறு மாதிரியும் படிக்கலாம் என்பது அந்தச் சொல்லின் குறும்பு. ஆனால் குடுமியான்மலைப் பாறையில் மகேந்திரன் பெயர் இல்லை. அவனுடைய எண்ணற்ற பட்டங்களில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பகுதி அவன் ஆட்சிக்குள் இருந்ததா என்பதும் சந்தேகம். எழுத்தின் வடிவத்தைக் காரணம் காட்டிக் காலத்தைத் தள்ளிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று எனக்குப் படுகிறது. பல்லாவரத்தில் ஒரு வாக்கியம்கூடச் சொல்லாமல் பட்டங்களாகவே அடுக்கியவன், தான் உண்மையிலேயே உட்கார்ந்து சாதகம் செய்து கண்ட ஒன்றின் அடியில் பெயரே போடாமல் போயிருப்பானா?

ஆனால் அவன் யாராக இருந்தாலும் அந்தக் கடைசி வரி முக்கியமானது. அரசன் என்று சொல்வதற்கு முன் சீடன் என்று சொல்லிக்கொள்கிறான். ஒரு ஆசிரியர் இருந்தார், அவருக்குப் பெயர் இருக்கிறது, எனக்குப் பெயர் வேண்டாம் என்கிறான். இந்தச் சங்கீதத்தில் தன்னை ‘இல்லை, திரும்ப வாசி’ என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார் என்பதற்கு அவனே சாட்சி. இது எனக்கு எல்லாப் பட்டங்களையும்விடப் பெரிதாகத் தோன்றுகிறது. அரசர்கள் கலைஞர்களாவதில் உள்ள அபாயமே அவர்களை மறுக்க ஆள் இல்லாமல் போவதுதான். பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெடரிக் புல்லாங்குழல் வாசித்தான், அதற்கு இசை எழுதினான், பிரெஞ்சில் நூல்கள் எழுதினான். அவன் வாசிக்கும்போது பாராட்டவோ குறை காட்டவோ குவான்ஸ் என்ற அவனுடைய ஆசிரியருக்கு மட்டுமே உரிமை இருந்ததாகச் சொல்வார்கள். புல்லாங்குழலில் அவனுக்கு ஒரு குவான்ஸ் இருந்தார். அரசியலில் இல்லை. மாக்கியவெல்லியை மறுத்து, அரசன் நேர்மையானவனாக இருக்கவேண்டும் என்று அவன் எழுதிய நூல் 1740-இல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சைலீஷியாவுக்குள் படையோடு புகுந்தான். பல்துறை வித்தகர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதுகிறவர்கள் இவற்றை வேறு வேறு அத்தியாயங்களில் வைத்துவிடுகிறார்கள். அத்தியாயப் பிரிவு என்பது சில சமயம் ஒழுக்கக் கேடு.

ஒப்பிட இன்னொன்று. லியோனார்டோ 1482 வாக்கில் மிலான் பிரபு லுடோவிகோ ஸ்போர்ஸாவுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதம் இருக்கிறது. அதுவும் ஒரு பட்டியல்தான். பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், கோட்டையைத் தகர்ப்பேன் என்று அடுக்கிக்கொண்டுபோய்க் கடைசியில்தான் ஓவியமும் சிற்பமும் தெரியும் என்கிறார். வேலை தேடுபவனின் பட்டியல் அது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும், செய்து காட்டு என்று சொல்லக்கூடிய ஒருவன் நிற்கிறான். மகேந்திரன் யாரிடமும் விண்ணப்பிக்கவில்லை. சித்திரகாரப்புலி என்று வெட்டச் சொன்னால் வெட்டுவார்கள். அவன் தீட்டியது என்று ஐயமில்லாமல் சொல்லக்கூடிய ஒரு ஓவியமும் இன்று நம் கண்முன் இல்லை. மாமண்டூரில் சிதைந்து கிடக்கும் சாசனத்தில் ‘தக்ஷிணசித்திரம்’ என்று ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. அது ஓவிய நூலா, உரையா, அவன் எழுதியதா என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், 1996 முதல் தென்னாட்டு வீடுகளையும் கைவினைகளையும் காட்டிவரும் அருங்காட்சியகத்துக்கும் அதே பெயர்தான். ஒரு புலியின் உறுமலில் ஒரு சொல் மட்டும் மிஞ்சி, பெயர்ப்பலகையாகியிருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ‘மத்தவிலாச’த்துக்கு வந்தால் தரை மாறுகிறது. 1917-இல் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் பதிப்பித்த பிறகுதான் நமக்கு அது திரும்பக் கிடைத்தது. காஞ்சியில் நடக்கும் கதையைக் காஞ்சி மறந்துவிட்டது. கேரளத்துச் சாக்கியார்கள் மறக்கவில்லை. ஓரங்கப் பிரகசனம். முகப்பில் சூத்திரதாரன், சிம்மவிஷ்ணுவின் மகன் மகேந்திரவிக்கிரமவர்மன் இயற்றியது என்று ஆசிரியர் பெயரைச் சொல்லிப் புகழ்கிறான். புகழைத் தானே எழுதிக்கொண்டானா என்று கேட்கலாம். அது நாடக மரபு, விட்டுவிடுவோம். அதற்குப் பிறகு வருவதுதான் விஷயம்.

சத்தியசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் குடித்துவிட்டு வருகிறார்கள். கள்ளுக்கடையை வேள்விச் சாலையோடு ஒப்பிட்டு அவன் செய்யும் பிரசங்கம் வேதியர்களுக்கு இனித்திருக்காது. அவனுடைய கபாலப் பாத்திரம் காணாமல் போகிறது. அதில் வறுத்த இறைச்சி இருந்தது. ஆகவே எடுத்தது நாயாக இருக்கவேண்டும், அல்லது பௌத்த பிக்குவாக இருக்கவேண்டும். இந்த ‘அல்லது’ ஒன்றிலேயே நாடகத்தின் சுபாவம் தெரிந்துவிடுகிறது. நாகசேனன் என்ற பிக்கு வருகிறான். மதுவையும் பெண்களையும் அனுமதிக்கும் பகுதிகளைப் பழைய பிடகங்களிலிருந்து கிழவர்கள் எடுத்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டுக்கொண்டே வருகிறான். சண்டை. பாசுபதன் ஒருவன் மத்தியஸ்தம் செய்ய முயல்கிறான். முடியவில்லை. நியாயசபைக்குப் போகலாமா என்று பேச்சு வருகிறது. அப்போது தேவசோமை சொல்வதுதான் என்னை நிறுத்தியது. விகாரைகளின் வருமானம் பிக்குவின் கையில் இருக்கிறது, நியாயசபைக்காரர்களின் வாயை அவன் நிரப்பிவிடுவான், ஒன்றுமில்லாத நாம் என்ன செய்வது என்கிற அர்த்தத்தில் பேசுகிறாள். உடனே சமாதானம் சொல்லப்படுகிறது. என்றாலும் சொன்னது சொன்னதுதான். அந்த நியாயசபை யாருடையது? நாடகத்தை எழுதியவனுடையது. காஞ்சியில் நீதி விலைக்குக் கிடைக்கும் என்று ஒரு குடிகாரியின் வாயில் வைத்து எழுதியவன் காஞ்சியின் அரசன்.

பிறரைப் பரிகசிப்பது அரசனுக்குச் செலவில்லாத காரியம். காபாலிகனையும் பிக்குவையும் பாசுபதனையும் பார்த்துச் சிரிக்க அவனுக்கு ஒரு தைரியமும் தேவையில்லை. தன் சபையைப் பார்த்துச் சிரிக்கத் தேவைப்படுகிறது. கபாலம் கடைசியில் எப்படிக் கிடைக்கிறது என்பதும் கவனிக்கவேண்டியது. அரசாணையால் கிடைக்கவில்லை, நியாயசபையால் கிடைக்கவில்லை, மூன்று சமயங்களின் தர்க்கத்தாலும் கிடைக்கவில்லை. ஒரு பைத்தியக்காரன் அதை நாயிடமிருந்து பிடுங்கி வைத்திருக்கிறான். உண்மை அவனிடம் இருக்கிறது, அது உண்மை என்று அவனுக்குத் தெரியாது. இதை எழுதிவிட்டு, நாடகத்தின் பெயரையே, குடிவெறியின் களியாட்டம் என்று பொருள்படும் பெயரையே, தன் பட்டங்களில் ஒன்றாகக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். சித்திரகாரப்புலி என்ற பட்டம் வெறும் மார்தட்டல். மத்தவிலாசன் என்பதில் தட்டுகிறவன் கொஞ்சம் தள்ளாடுகிறான். எனக்கு அந்தத் தள்ளாட்டத்தில்தான் அவன் எழுத்தாளனாகத் தெரிகிறான். ஓலையில் எழுதும்போது செய்விக்க முடியாது. ஒரு சிரிப்பு வரவில்லை என்றால் வரவில்லை. தச்சனைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்ல முடியாது. (ஆஸ்தானப் புலவன் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஆஸ்தானப் புலவன் நியாயசபையின் லஞ்சத்தை எழுதியிருப்பானா?)

இந்தச் சிரிப்பு அவன் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் போயிற்று என்பது வேறு விஷயம். பல்லாவரத்திலிருந்து சிறிது தொலைவில்தான் குன்றத்தூர். அங்கே பிறந்த சேக்கிழார், மகேந்திரனுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 12-ஆம் நூற்றாண்டில், அப்பரை ஒரு பல்லவ அரசன் துன்புறுத்திய கதையை எழுதினார். சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு, யானை, கடைசியில் கல்லோடு பிணைத்துக் கடலில் போட்டது. அப்போது சமணனாக இருந்த அரசன் பிறகு சைவனாகி, பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்து அந்தக் கல்லைக்கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்கிறது பெரியபுராணம். குணபரன் என்ற பட்டத்தை வைத்துத்தான் அது மகேந்திரன் என்று அடையாளம் காண்கிறார்கள். திருச்சிக் குடைவரைச் சாசனமும் குணபரன் வேறு வழியிலிருந்து திரும்பி வந்ததாகச் சொல்கிறது. ஐந்நூறு ஆண்டு தள்ளி, பக்தியின் சூட்டில் சொல்லப்பட்ட கதையைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. ஆனால் ஜனங்களின் ஞாபகத்தில் அவனுக்கு எதிரே நின்றவன் ஒரு கவிஞன் என்பதை ஒதுக்கிவிட முடியாது. நாடகம் எழுதிய அரசனை இந்தப் பக்கம் மறந்துவிட்டார்கள். கவிஞனைக் கடலில் போட்ட அரசனை மறக்கவில்லை. கல்லைக் கோயிலாக்கியவனிடம் கல் மிதந்துகாட்டியதாகக் கதை சொல்கிறது. அவனை மறுக்க ஒருவராவது இருந்தார் என்று நினைத்துப்பார்க்க ஜனங்கள் விரும்பியிருக்கிறார்கள்.

மாமல்லபுரத்தில் ஆதிவராகக் குடைவரையில் அவன் உருவம் இருக்கிறது. அல்லது இருப்பதாகச் சொல்கிறோம். ஒரு பக்கம் சிம்மவிஷ்ணு ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். எதிர்ப்பக்கம் மகேந்திரன் இரண்டு அரசியரோடு நிற்கிறான், ஒருத்தியின் கையைப் பிடித்தபடி, மறு கையால் சந்நிதியைச் சுட்டிக்கொண்டு. மேலே பெயர் மட்டும் பொறித்திருக்கிறது. வீணை இல்லை, தூரிகை இல்லை, ஓலையும் இல்லை. இவர்கள் அந்தச் சிம்மவிஷ்ணுவும் அந்த மகேந்திரனும்தானா, பின்னால் வந்தவர்களா என்பதில்கூடச் சச்சரவு உண்டு.

மாமல்லபுரம் முழுவதுமே இந்தச் சச்சரவுதான். ஃபிரெஞ்சு அறிஞர் ழுவோ-துப்ரேயில் தொடங்கி எல்லாரும் பாணியை வைத்துக் காலம் பிரித்தார்கள். எளிய தூண் மகேந்திரன் காலம், சிங்கம் சுமக்கும் தூண் அவனுக்குப் பின், கட்டடம் ராஜசிம்மன் காலம் என்ற வரிசை. 1962-இல் இரா. நாகசாமி இதைத் தலைகீழாக்கினார். அங்குள்ள வேலை முழுவதும் ராஜசிம்மன் ஒருவனுடையது என்றார். அத்தியந்தகாமன், முடிவில்லாத ஆசைகளை உடையவன் என்ற பட்டம் அவருக்கு ஒரு முக்கியச் சாட்சி. அப்படிப்பட்ட ஒருவனுக்குப் பல பாணிகளில் மனம் போவது இயல்புதானே என்பது வாதம். கே.ஆர். சீனிவாசன் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. சண்டையின் தொல்லியல் பக்கத்துக்குள் நான் நுழையப் போவதில்லை. இரு தரப்பும் பேசாமல் ஒப்புக்கொண்டிருக்கும் ஒன்றுதான் என் அக்கறை. வேற்றுமைக்குக் காரணம் அரசனிடம் இருக்கிறது என்பதை இரு தரப்புமே எடுத்துக்கொண்டுவிட்டன. மூன்று பாணி என்றால் மூன்று அரசர்கள். அல்லது மூன்று மனம் படைத்த ஒரே அரசன். ஒரே காலத்தில் மூன்று தச்சர்கள் மூன்று விதமாக நினைத்திருக்கலாம், அப்பனிடம் கற்றதை மகன் வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம் என்பது வாதத்தின் மையத்துக்கு வரவேயில்லை. ராஜசிம்மனும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் இருநூறுக்கு மேற்பட்ட பட்டங்களை வெட்டிவைத்தவன். வாத்திய வித்யாதரன் என்பது அவற்றில் ஒன்று. முப்பாட்டனிடமிருந்து இவனுக்கு வந்தது கலையா, பட்டியல் போடும் பழக்கமா?

நம் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரிப் பத்திரிகைகளை நடத்துகிறவன் கவிஞன், விமர்சகன், மொழிபெயர்ப்பாளன், புரூஃப் திருத்துகிறவன், அச்சகத்துக்குப் பணம் கொண்டுபோகிறவன், உறையில் தபால்தலை ஒட்டுகிறவன். அவனையும் பல்துறை வல்லவன் என்று யாராவது மேடையில் சொல்லிவிடுவார்கள். இல்லாமையால் வந்த பன்முகம் இது. ஓவியர்களிடமும் இது உண்டு. மாமல்லபுரம் போகும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தபோது, படம் விற்று யாரும் பிழைக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. துணியில் பத்திக் வேலை செய்தார்கள், கைவினைப் பொருள்கள் செய்தார்கள், அதை விற்று நிலமும் வாங்கினார்கள். பத்திக் துணி வாங்க வருகிறவனும் மறுக்கத் தெரிந்தவன்தான். சாயம் ஒட்டவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். பகலில் அந்த மறுப்பையும் இரவில் கான்வாஸின் மறுப்பையும் வாங்கிக்கொண்டவர்களை நான் மகேந்திரனின் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அவர்கள் யாரும் தங்களைப் புலி என்று சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை. அதற்காக வறுமையை ஒரு யோக்கியதையாக்கிப் பூஜை செய்வதும் வேண்டாம். பத்திக்கில் போன மணிகள் படத்திலிருந்து போன மணிகள்தான். இல்லாமை கற்றுக்கொடுக்கும், ஆனால் கட்டணம் வாங்காமல் விடாது.

மாமல்லபுரத்துக்கு மேற்கே, கொஞ்ச தூரத்தில், பூஞ்சேரி. அங்கே நொண்டி வீரப்பன் தொட்டி என்று அழைக்கப்படும் பாறையில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. சுற்றுலா வருகிறவர்களின் பஸ் அங்கே நிற்பதில்லை. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன். பல்லவர் காலத்து வேலைக்காரர்கள் என்று கருதுகிறார்கள். பல்லாவரத்தைப் போலவே இங்கும் வாக்கியம் இல்லை. ஆனால் அங்கே ஒரு ஆளுக்கு எத்தனையோ பெயர். இங்கே ஒரு ஆளுக்கு ஒரு பெயர். எந்த ரதம், எந்தத் தூண், எந்த யானையின் துதிக்கை தன்னுடையது என்று யாரும் சொல்லவில்லை. செய்தேன் என்றும் இல்லை, செய்வித்தேன் என்றும் இல்லை. ஒருவேளை அவர்களுக்குள் அது தெரிந்திருக்கும், எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

அந்தப் பெயர்களுக்குள் ஒன்று கொல்லன் ஸேமகன். சிற்பியல்ல, கொல்லன். கருங்கல்லில் அடித்தால் உளியின் முனை சீக்கிரம் போய்விடும். அதைத் திரும்பத் திரும்ப உலையில் வைத்துத் தட்டி, துவைச்சல் ஏற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். கல் பட்டறைகள் உள்ள இடத்தில் உலையும் துருத்தியும் இருந்தே தீரும், இன்றைக்கும். அவன் ஒரு ரதத்தைக்கூடத் தொட்டிருக்கமாட்டான். தச்சர்களோடு சேர்ந்து அவனும் தன் பெயரை வெட்டிக்கொண்டான், அல்லது அவர்கள் அவன் பெயரையும் சேர்த்து வெட்டினார்கள்.